காலடி மண்: பனியுகம் பற்றி உங்கள் கேள்விகள்

வீடோ பாலமோ கட்டுவதற்கு முன்னால் நிலத்தைத் துளைத்து மண் எடுத்துப் பார்ப்பார்களே, அந்த வேலையில்தான் என் கனடா வாழ்க்கை கழிந்தது. ரொறன்ரோவைச் சுற்றி நான் துளையிட்ட இடங்களில் பனியுகத்தின் கை படாத இடம் ஒன்றுகூட இல்லை. சென்ற இதழில் அதைப்பற்றி இரண்டு வரி எழுதியதும் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் போதாது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பின்வளவில் வேலி போடக் குழி தோண்டினோம். இரண்டடிக்குக் கீழே ஒரே சாம்பல் நிறக் களி, அதற்குள் உருண்டைக் கற்கள். வேலைக்காரர் கூடுதல் காசு கேட்கிறார். வீடு கட்டிய கம்பனி கழிவு மண்ணைக் கொட்டி மூடிவிட்டதா?
— வாசகர், ஸ்காபரோ

கம்பனியைத் திட்ட வேண்டாம். அதைக் கொட்டியது பனிப்பாளம். கொட்டி ஏறத்தாழ 13,000 வருடமாகிறது.

எங்கள் தொழிலில் இந்த மண்ணை ‘டில்’ என்போம். ஆறு மண்ணைக் கொண்டுவந்தால் தரம் பிரித்துத்தான் போடும்: கல் ஓரிடம், மணல் ஓரிடம், களி ஓரிடம். பனி அப்படிப் பிரிப்பதில்லை. கல், மணல், மாவாக அரைபட்ட பாறைத்தூள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, தன் பாரத்தாலேயே அமுக்கி வைத்துவிட்டுப் போய்விடும்.

தோண்டிய மண்ணில் ஒரு கட்டியை எடுத்துக் கழுவிப் பாருங்கள். நாங்கள் மண் எடுக்கும் குழாயை மேசையில் வைத்துப் பிளந்ததும் செய்கிற முதல் வேலை அதுதான். உள்ளே இறுகிப்போன சாம்பல் மண் முழு நீளத்துக்கும் கிடக்கும். கத்தியால் கீறினால் பாதி வழியில் கல்லில் முட்டி நிற்கும். முதலில் கண்ணில் படுவது கருஞ்சாம்பல் சில்லுகள். அது ரொறன்ரோவின் அடியிலேயே கிடக்கிற ஷேல், அதாவது களி இறுகிக் கல்லான பாறை, சுமார் 45 கோடி வருடப் பழசு, விரலால் அழுத்தினாலே உடையும். அடுத்தது வெளிர் சாம்பல் சுண்ணாம்புக்கல். சிலவற்றில் சிப்பி ஓட்டின் வரி தெரியும். அது சிம்கோ ஏரி, கவார்த்தா ஏரிகள் பக்கத்துப் பாறை. மூன்றாவதாக, இளஞ்சிவப்புக் கருங்கல்லும், கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய நைஸ் கல்லும் இருக்கும். இந்த இரண்டும் ரொறன்ரோவில் எங்கேயும் பாறையாக வெளியில் தெரிவதில்லை. நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், மஸ்கோகா பக்கத்தில் தொடங்கும் கனடியக் கேடயப் பாறை நிலத்தில் இருந்து வந்தவை. வயது நூறு கோடி வருடத்துக்கும் மேல். ஏதாவது ஒரு கல்லின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அதில் ஒரே திசையில் கீறல்கள் இருந்தால் அதைக் கழுவி அலுமாரியில் வையுங்கள். பனியின் அடியில் மாட்டிக்கொண்டு பாறையோடு உரசி வந்ததன் தடம் அது.

வேலைக்காரர் கேட்கிற காசு நியாயமானது. ஒரு நிலம் எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க, 63.5 கிலோ சுத்தியலை 76 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 சென்றிமீற்றர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். ஏரிக்கரை மணலில் பத்துப் பதினைந்து தடவை அடித்தால் இறங்கிவிடும். டில்லில் ஐம்பது தடவை அடித்தும் இறங்காமல் நின்ற இடங்கள் ஏராளம். அந்த மண்ணில்தான் அவர் உங்களுக்குக் குழி தோண்டுகிறார். கஷ்டம் என்று ஆழத்தைக் குறைக்க மட்டும் விடாதீர்கள். இங்கே குளிர்காலத்தில் நிலம் 1.2 மீற்றர் வரை, அதாவது நாலடி வரை உறையும். அதற்கு மேலே நின்றுவிட்ட கம்பத்தை உறைந்த களி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும்.

மலையில் இருந்து பனியாறு இறங்கும் என்று படித்திருக்கிறேன். இங்கே மலையே இல்லையே! சமதரையில் பனி எப்படி நகர்ந்து வந்தது? ரொறன்ரோவில் சி.என். கோபுரத்தை விட உயரமாகப் பனி இருந்தது என்று மகன் சொல்கிறான். நம்பலாமா?
— வாசகி, மார்க்கம்

மகன் சொல்வது சரி. கோபுரம் 553 மீற்றர். இங்கே நின்ற பனி ஒரு கிலோமீற்றருக்கும் மேல்.

பனி நகர மலை தேவையில்லை, அதன் பாரமே போதும். கல்லில் ஊற்றிய தோசை மாவு, கரண்டி படாமலே நடுவில் இருந்து ஓரத்துக்குப் பரவுகிறது அல்லவா? நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கிற எதுவும் அப்படித்தான் தன்பாட்டில் பரவும். ஹட்சன் குடாவைச் சுற்றியும் கியூபெக், லாப்ரடோர் பக்கமும் கோடையில் உருகி முடியாத பனி ஆயிரக்கணக்கான வருடங்களாகக் குவிந்தது. ஆழத்தில் இருந்த பனி நசுங்கி, மெல்ல வெளியே ஓடத் தொடங்கியது. இதை லாரன்ரைட் பனிப்பாளம் என்கிறார்கள். சுமார் 20,000 வருடங்களுக்கு முன் அது உச்சத்தில் இருந்தபோது கனடாவின் பெரும்பகுதியையும் அமெரிக்காவின் வட மாநிலங்களையும் மூடியிருந்தது.

பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். வடக்கே கேடயப் பாறை நிலத்தில் அது சுரண்டி எடுத்தது. அங்கே மண் போய்ப் பாறை வெளியே வந்துவிட்டது. சுரண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஒன்ராறியோ மாகாணத்தின் இரண்டரை லட்சம் ஏரிகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். தெற்கே, நாங்கள் இருக்கிற பக்கம், சுரண்டியதைக் கொண்டுவந்து போட்டது. அதனால்தான் வடக்கில் காடும் ஏரியும், தெற்கில் விவசாய நிலம்.

ஒன்ராறியோ ஏரியின் பள்ளத்தை ஆழமாக்கியதும் பனிதான். முன்பு அது ஒரு பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே பாறை மென்மையானதால் பனிக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஏரியின் மேற்பரப்பு கடல் மட்டத்தில் இருந்து 75 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆழமோ 244 மீற்றர். அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது கவனித்தேன், பேவியூ சாலையில் வடக்கே போகப் போக நிலம் உயர்ந்துகொண்டே போகிறது. அந்த மேட்டில் வீடு கட்டக் கூடாது என்று ஏன் இத்தனை சண்டை? ஊருக்கு வீடு வேண்டாமா?
— வாசகர், றிச்மண்ட் ஹில்

ஊருக்கு வீடு வேண்டும். ஆனால் அந்த மேடு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

அதன் பெயர் ஓக் றிட்ஜஸ் மொரெய்ன். மொரெய்ன் என்றால் பனி கொண்டுவந்து சேர்த்த மண்மேடு. மேற்கே நயாகரா செங்குத்துப் பாறைச்சரிவில் தொடங்கி, கிழக்கே றைஸ் ஏரிப் பக்கம் வரை சுமார் 160 கிலோமீற்றர் நீளம். பனிப்பாளம் பின்வாங்கத் தொடங்கிய காலத்தில் இங்கே அது இரண்டாகப் பிளந்தது. ஒரு நாக்கு வடக்கே, சிம்கோ ஏரிப் பக்கம். மற்ற நாக்கு தெற்கே, ஒன்ராறியோ ஏரிப் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவில் திறந்த இடைவெளியில் உருகிய தண்ணீர் பாய்ந்து, மணலையும் சரளையையும் அடுக்கடுக்காகக் கொட்டியது. சில இடங்களில் அந்தப் படிவு நூறு மீற்றருக்கும் மேல் தடிப்பு.

ஸ்காபரோ வாசகரின் வளவில் இருக்கிற டில் தண்ணீரை விடாது. இந்த மணல் விடும். மேட்டில் பெய்கிற மழையும் உருகுகிற பனியும் ஓடிப்போகாமல் நேராக உள்ளே இறங்குகின்றன. அங்கே துளையிடும்போது மேலே பல மீற்றர் உலர்ந்த மணல் வரும், பிறகு ஈரம், பிறகு குழாய் நிறையத் தண்ணீர். கீழே இறுகிய டில் அடுக்கில் முட்டி, அந்தத் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் அடியில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஹம்பர், டொன், றூஜ் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. தெற்கே போவது ஒன்ராறியோ ஏரிக்கு, வடக்கே போவது சிம்கோ ஏரிக்கு. ஓகஸ்டில் ஒரு மாதம் மழை இல்லாவிட்டாலும் அந்த ஓடைகளில் தண்ணீர் ஓடுகிறது, குளிர்ச்சியாகவும் ஓடுகிறது. குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் வாழ முடியாத ஓடை ட்றவுட் மீன் அவற்றில் இருப்பதற்கு அதுவே காரணம். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குடிதண்ணீரும் இந்த மணலுக்குள் இருந்துதான் வருகிறது.

கோயிலைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் வில்கொக்ஸ் ஏரி, பொண்ட் ஏரி என்று இரண்டு சின்ன ஏரிகள். ஸ்ரூவில் பக்கம் மசல்மன்ஸ் ஏரி. இவற்றுக்குள் பெரிய ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. பின்வாங்கிய பனியில் இருந்து உடைந்த பெரிய பாளங்கள் மணலுக்குள் புதைந்து கிடந்தன. மணல் மூடியிருந்ததால் உடனே உருகவில்லை. கடைசியில் அவை உருகியபோது மேலே இருந்த மணல் உள்ளே இறங்கிக் குழியானது. அந்தக் குழிகளில் நிற்பது பெரும்பாலும் நிலத்தடித் தண்ணீர். ஏரிக்கரையில் நின்று, இதே வடிவத்தில் ஒரு பனிப்பாளம் இங்கே கிடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பிடிக்கும்.

இப்போது சண்டைக்கு வருவோம். அந்த மணல்மேட்டில் கூரையும் தாரும் சீமெந்தும் போட்டால் மழை உள்ளே இறங்காது. வடிகாலில் ஓடி, கீழே இருக்கிற ஊர்களுக்கு வெள்ளமாக வரும். அதே நேரம் ஊற்றுகள் மெலியும். இதற்காகத்தான் மக்கள் போராடி, 2001-இல் ஓக் றிட்ஜஸ் மொரெய்ன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். வீடு கட்டக் களிமண் நிலம் எத்தனையோ இருக்கிறது. இந்த மணல்மேடு மாதிரி இன்னொன்று இங்கே இல்லை. அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லைத் தளர்த்தவும் நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று. மேட்டின் தெற்குச் சரிவில் வீடு வாங்குகிறவர்கள், பேஸ்மென்டில் ஊறுகிற தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் ஓயாமல் ஓடுகிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் தண்ணீர் களிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிறது. துளையிட்டால் தானாகவே மேலே பொங்கிவரும். வாங்குவதற்கு முன் வசந்த காலத்தில் ஒருமுறை, பனி உருகும் நாட்களில், போய்ப் பாருங்கள்.

நயாகரா நீர்வீழ்ச்சியும் அந்தச் செங்குத்துப் பாறைச்சரிவும் பனியால் வந்தவையா?
— மாணவர், ஹமில்ரன்

நீர்வீழ்ச்சி ஆம், பாறைச்சரிவு இல்லை. மேலே கடினமான டொலமைற் பாறை, கீழே மெதுவான ஷேல். கீழ்ப்பாறை வேகமாகத் தேய, மேற்பாறை விளிம்பாக நிற்கிறது. இது பனியுகத்துக்கு மிக முன்பே தொடங்கிய வேலை. பனி விலகிய பிறகு, சுமார் 12,000 வருடங்களுக்கு முன், ஈரி ஏரியின் தண்ணீர் அந்த விளிம்பில் இருந்து குயின்ஸ்ரனுக்குப் பக்கத்தில் விழத் தொடங்கியது. விழுகிற தண்ணீர் அடிப்பாறையைத் தோண்ட, மேற்பாறை உடைந்து விழ, நீர்வீழ்ச்சி இதுவரை 11 கிலோமீற்றர் பின்னால் நகர்ந்துவிட்டது. அதன் கீழே இருக்கிற நீண்ட பள்ளத்தாக்கு அப்படி வந்ததுதான். இன்று மின்சாரத்துக்காகத் தண்ணீரில் ஒரு பெரும் பங்கைத் திருப்பிவிடுவதால் நகர்வு மிகக் குறைந்திருக்கிறது.

ஸ்காபரோ பிளவ்ஸ் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஏரியைப் பார்த்த மாடம், விலையும் பரவாயில்லை. மண் சரிகிறது என்று சொல்கிறார்கள். பனியுகத்தில் இருந்து நிற்கிற மலை, எங்கள் காலத்திலா விழப்போகிறது?
— கணவனும் மனைவியும், ஏஜாக்ஸ்

அதை மலை என்று நினைக்காதீர்கள். ஏரியை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிற மண்சுவர் அது. அது பாறை அல்ல, கல்லாகாத மணலும் களியும் டில்லும். சுமார் 15 கிலோமீற்றர் நீளம், மிக உயர்ந்த இடத்தில் 90 மீற்றர். 1793-இல் ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத் படகில் இருந்து இந்த வெண்சுவரைப் பார்த்துத்தான், இங்கிலாந்தில் இருக்கிற ஸ்காபரோ என்ற ஊரின் நினைவாகப் பெயர் வைத்தார். எங்கள் ஊருக்கே பெயர் கொடுத்த இடம். அதன் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கீழ்ப்பாதி, கடைசிப் பனிப்பாளம் ரொறன்ரோவை மூடுவதற்கு முன், ஒரு பெரிய ஆறு ஏரிக்குள் கொண்டுவந்து போட்ட கழிமுகப் படிவு. அடியில் களி, அதற்கு மேல் மணல். அப்போது பனி கிழக்கே, ஏரித் தண்ணீர் வெளியேறுகிற சென். லோறன்ஸ் ஆற்றின் வாசலை அடைத்திருந்ததால் ஏரி மட்டம் இன்றையதை விட மிக உயரம். மேற்பாதியில் பனி வந்து போனதன் டில்லும், இடையிடையே ஏரி மணலும் களியும். ஒரு பனியுகத்தின் கதை முழுவதும் அந்தச் சுவரில் கிடக்கிறது.

சரிவு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மழைத் தண்ணீர் மேலே இருந்து மணலுக்குள் இறங்கும். களி அடுக்கை அடைந்ததும் நிற்கும். வேறு வழியில்லாமல் சுவரின் முகத்தால் கசியும். மே மாதத்தில் கீழே ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், சுவரின் குறுக்கே ஒரு ஈரக்கோடு நீளமாகத் தெரியும். அந்தக் கோட்டில் இருந்து மணல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்த இடத்தில் குடைவு விழும். மேலே இருக்கிற மண்ணுக்குக் கீழே பிடிமானம் போய்விடும். ஒருநாள் ஒரு பாளமாக இறங்கும். இறங்கிய மண்ணை அலை எடுத்துக்கொண்டு போகும். அடிவாரம் மறுபடியும் செங்குத்தாகிவிடும். இந்தச் சுற்று நிற்பதே இல்லை. பிளவர்ஸ் பூங்கா இருக்கிற பக்கம், ஏரியை நிரப்பியும் கல் அடுக்கியும் அலையைத் தடுத்திருக்கிறார்கள். ஆனாலும் சுவர் தனக்கு ஏற்ற சாய்வுக்கு வரும்வரை மேல்விளிம்பு பின்னால் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அலை எடுத்துப் போன மணல் வீணாகவில்லை. ஏரியின் நீரோட்டம் அதை மேற்கே கொண்டுபோய் ஒரு நீண்ட மணல்நாக்காகச் சேர்த்தது. 1858-இல் ஒரு புயல் அதை நிலத்தில் இருந்து அறுத்தது. அதுதான் இன்றைய ரொறன்ரோத் தீவுகள். கோடையில் படகேறிப் போய் நீங்கள் பாய் விரிக்கிற மணலில் பெரும்பகுதி ஸ்காபரோவில் இருந்து போனது.

வீட்டு விஷயம். விளிம்பில் இருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். விற்பவரிடம் சரிவு உறுதி ஆய்வறிக்கையைக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் செலவில் ஒரு மண் பொறியியலாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். அந்த நிலம் ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டு எல்லைக்குள் வருகிறதா என்று விசாரியுங்கள். வந்தால் ஒரு கொட்டில் போடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டி வரலாம். பின்வளவில் வளைந்து நிற்கிற மரங்கள், விளிம்புக்கு இணையாக ஓடுகிற வெடிப்பு, சாய்ந்த வேலி, இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். என் தங்கை கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

படம் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: வேலியைத் தாண்டாதீர்கள். விளிம்பில் இருக்கிற புல்லுக்கு அடியில் பல இடங்களில் மண் இல்லை. தீயணைப்புப் படையினர் கயிற்றில் இறங்கி ஆட்களை மீட்ட செய்தி அடிக்கடி வருகிறது.

டவுன்டவுனில் டவென்போர்ட் சாலை மட்டும் ஏன் வளைந்து ஓடுகிறது? அதன் பின்னால் ஏன் திடீரென்று ஒரு ஏற்றம்?
— வாசகர், ரொறன்ரோ

நீங்கள் நிற்கிற இடம் பழைய ஏரிக்கரை. பனி இங்கே இருந்து விலகியும் கிழக்கே ஆயிரம் தீவுகள் பக்கம் சென். லோறன்ஸ் ஆற்றை அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தேங்கி, இன்றைய ஏரியை விடப் பல பத்து மீற்றர் உயரத்தில் ஒரு பெரிய ஏரி நின்றது. அதற்கு இறொக்குவா ஏரி என்று பெயர். அதன் தண்ணீர் அப்போது நியூயோர்க் மாநிலத்து மோஹோக் பள்ளத்தாக்கு வழியாக ஹட்சன் ஆற்றுக்குப் போனது. அலை அரித்த கரைதான் அந்த ஏற்றம். உச்சியில் காசா லோமா மாளிகை நிற்கிறது. அடிவாரத்தில் நடப்பதற்கு வசதியாக இருந்ததால் பூர்வகுடி மக்கள் அதன் வழியே பாதை வைத்திருந்தார்கள். அதுவே டவென்போர்ட் சாலை.

பிறகு அந்த அடைப்பு உருகியது. ஏரி மட்டம் மளமளவென்று இறங்கி, இன்றைய மட்டத்துக்கும் மிகக் கீழே போய்விட்டது. ஆறுகள் இப்போது அதிக உயரத்தில் இருந்து விழ வேண்டும். மண்ணும் கல்லாகாத மண். ஆழமாக வெட்டிக்கொண்டு போயின. டொன், ஹம்பர், றூஜ் ஆறுகளின் ஆழப் பள்ளத்தாக்குகள் அப்படித்தான் வந்தன. அங்கே ஏன் வீடுகள் இல்லை என்பதற்குக் காரணம் வேறு. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி அடித்தது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றோரம் றேமோர் ட்றைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். களிமண் நிலம் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தது, புதிய மழை உள்ளே இறங்க இடமில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளச் சமவெளியில் குடியிருப்பு கூடாது என்று முடிவெடுத்து, பள்ளத்தாக்குகளைப் பூங்காவாக வைத்தார்கள். இன்று அங்கே நடக்கிற ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய கதை.

பீற்றர்பரோவில் படிக்க வந்திருக்கிறேன். இங்கே குன்றுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. மனிதர் செய்தவையா?
— மாணவி

இல்லை தங்கச்சி, அவை டிரம்லின்கள். பனி மேலே ஓடும்போது அடியில் இருந்த மண்ணை நீளவாக்கில் வழித்து உருவாக்கியவை. உங்கள் பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வடகிழக்கில் இருந்து தென்மேற்காகப் படுத்திருக்கும், பனி போன திசை அது. பொதுவாகப் பனி வந்த பக்கம் செங்குத்து, போன பக்கம் சாய்வு. ட்றென்ற் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒன்று இருக்கிறது. ஏறிப் பாருங்கள்.

பனியுகம் தமிழர் நிலத்தைத் தொட்டதா? குமரிக்கண்டம் மூழ்கியது இதனால்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.
— வாசகர், சென்னை

பனி தொடவில்லை, கடல் தொட்டது. அவ்வளவு தண்ணீரும் நிலத்தில் பனியாகக் குவிந்து நின்றதால் உலகக் கடல் மட்டம் சுமார் 120 மீற்றர் இறங்கியிருந்தது. அதில் பாதிக்கும் மேல் இந்த லாரன்ரைட் பனிப்பாளத்தின் பங்கு. பாக்குநீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. அப்படியென்றால் இராமேசுவரத்தில் இருந்து தலைமன்னாருக்கு மட்டுமில்லை, வேதாரணியத்தில் இருந்து பருத்தித்துறைக்கும் நடந்தே போகலாம். யாழ்ப்பாணம் ஒரு பெரிய சமவெளியின் நடுவில் இருந்த மேடு. இங்கே ஒன்ராறியோவில் பனி உருக உருக, அங்கே அந்தச் சமவெளிக்குள் கடல் வந்தது. நான் பிறந்த கரையையும் இப்போது வாழ்கிற நிலத்தையும் வடிவமைத்தது ஒரே பனி என்பதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

ஆனால் நண்பர் சொல்வதை ஏற்க முடியாது. கடல் ஏறியது 120 மீற்றர்தான். குமரிமுனைக்குத் தெற்கே கண்டத்திட்டைத் தாண்டினால் ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றர். கரையோரச் சமவெளிகள் மூழ்கின, அங்கே வாழ்ந்தவர்கள் பின்வாங்கியிருப்பார்கள். ஒரு கண்டம் மூழ்கவில்லை.

பனிதான் போய்விட்டதே. இனி நிலம் அப்படியேதானே இருக்கும்?
— வாசகி, பிக்கறிங்

இருக்காது. அவ்வளவு பாரம் பூமியின் மேலோட்டையே கீழே அமுக்கியிருந்தது. பாரம் போனதும் நிலம் எழத் தொடங்கி, இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. பனி மிகத் தடிப்பாக நின்ற ஹட்சன் குடாவைச் சுற்றி வருடத்துக்குச் சுமார் ஒரு சென்றிமீற்றர். எங்கள் பக்கம் மிகக் குறைவு. இதனால் ஒன்ராறியோ ஏரி மெல்ல மெல்லச் சாய்கிறது. தண்ணீர் வெளியேறுகிற கிங்ஸ்டன் முனை, ரொறன்ரோ ஹமில்ரன் முனையை விட வேகமாக எழுகிறது. வடிவாசல் எழுந்தால் தண்ணீர் மற்றப் பக்கம் ஏறத்தானே வேண்டும்? முன்பு கீழே இறங்கிப்போன ஏரி திரும்ப ஏறி வந்தது இப்படித்தான். ஆறுகள் வெட்டிய பள்ளத்தாக்குகளின் வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் றூஜ் ஆறு ஏரியில் சேருகிற இடத்தில் இருக்கிற சதுப்புநிலம், ஃபிறென்ச்மன்ஸ் குடா, ஹமில்ரனில் கூட்ஸ் பரடைஸ் எல்லாம் அப்படி மூழ்கிய ஆற்றுவாய்கள். கோடையில் வெண்கொக்குகள் நிற்பதைப் பார்க்க அங்கே போவீர்கள் என்றால், அந்தக் கொக்குகளுக்கு ஆழமில்லாத தண்ணீரைக் கொடுத்ததும் இந்த எழுச்சிதான்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்ட முடியுமா?
— பலர்

முடியும். டொன் பள்ளத்தாக்கில் இருக்கிற பழைய செங்கல் சூளைக்குக் கூட்டிப் போங்கள். இப்போது எவர்கிறீன் பிறிக் வேர்க்ஸ் என்று பெயர். 1889-இல் தொடங்கிய அந்தச் சூளையின் செங்கல்லால்தான் காசா லோமாவும் மாஸி மண்டபமும் கட்டினார்கள். களி தோண்டிய குழியின் வடக்குச் சுவரில் இருக்கிற அடுக்குகளை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் ஆர்தர் கோல்மன் ஆராய்ந்தார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட சுவர் அது. அடியில் ஷேல் பாறை. அதற்கு மேல் முந்திய பனியுகத்தின் டில். அதற்கும் மேல் சுமார் 1,20,000 வருடங்களுக்கு முந்திய மணலும் களியும். அதில் இன்று ரொறன்ரோவுக்குத் தெற்கே வளர்கிற மரங்களின் எச்சங்களும், நூறு கிலோ வரை வளர்ந்த இராட்சத பீவரின் எலும்பும் கிடைத்தன. அப்போது இங்கே இன்றையதை விட 2, 3 பாகை சூடு. அதற்கு மேலே ஸ்காபரோவில் பார்த்த அதே கழிமுகப் படிவும், அடுத்த பனியின் டில்லும். பனி ஒருமுறை மட்டும் வந்து போகவில்லை, நடுவில் நல்ல வெயில் காலமும் இருந்தது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.

சுவரில் பல இடங்களை இப்போது செடிகள் மூடியிருப்பதால், முதலில் விளக்கப் பலகையைப் பார்த்துவிட்டு அடுக்குகளைத் தேடுங்கள். சனிக்கிழமை அங்கே விவசாயிகள் சந்தை, கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். வேறு நாள் போங்கள். மழை பெய்து மறுநாள் என்றால் இன்னும் நல்லது, ஈர மண்ணில் அடுக்குகளின் நிறம் பிரிந்து தெரியும்.